கோயில் வரலாறு எழுதுமுன் விளைகளைச் சுற்றி வாருங்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ சபைக்கு, நாங்கள் கோயில் என்று சொல்லும் தேவாலயத்துக்கு, நூறு வருடம் ஆகிவிட்டால் நினைவு மலர் போடாமல் விடமாட்டார்கள். அப்படி வந்த மலர்கள் என் வீட்டில் ஒரு அடுக்கு இருக்கின்றன. முதல் பதினைந்து பக்கம் வாழ்த்துரை, அப்புறம் போதகர்களின் படங்கள், அப்புறம் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள். நடுவில் எங்கேயோ இரண்டு பக்கம் வரலாறு. அந்த இரண்டு பக்கமும் முந்தைய மலரிலிருந்து எழுத்துப் பிழை உட்பட அப்படியே எடுத்ததாக இருக்கும்.

நான் 31 வருடம் உதவி வேளாண்மை அலுவலராக குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் வயலும் வரப்புமாக அலைந்தவள். மயிலாடிக்குக் கொஞ்சம் தள்ளி, விளைகள் என்று நாங்கள் சொல்லும் மேட்டு நிலத்துத் தோட்டங்கள் உள்ள பக்கத்தில், ஒரு கிளைச்சபை எங்களுடையது. 125-ஆம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதித் தாருங்கள் என்று கமிட்டியில் கேட்டபோது, இவளுக்குப் பென்ஷன் வருகிறது, வேலை இல்லை என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு காரணம் இருந்திருக்காது. எழுதி முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. அதில் நான் கற்றுக்கொண்டதை, இதே வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும் அடுத்த ஆளுக்காகச் சொல்கிறேன்.

முதலில் பெரிய கோயிலின் கதையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் கிளைச்சபை அந்த மரத்தில் எந்தக் கிளை என்று தெரியாமல் எழுத உட்காரக் கூடாது. தென் திருவிதாங்கூரில் அந்தத் தாய்மரம் மயிலாடி. மயிலாடியில் நெல் விவசாயம் பார்த்த குடும்பத்தில், சாம்பவர் குலத்தில் பிறந்தவர் மகாராசன் வேதமாணிக்கம். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர் தஞ்சாவூரில் கோலாப் ஐயர் என்ற பாதிரியாரிடம் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு திரும்பினார். அவர் அழைத்துத்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழி வழியாக மயிலாடிக்கு வந்தார். திவான் வேலுத்தம்பி இருந்தவரை கோயில் கட்ட அனுமதி கிடைக்கவில்லை. 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டை கிழக்கிந்தியக் கும்பினிப் படையிடம் விழுந்தது. கும்பினியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலே துணையோடு அந்த வருடமே மயிலாடியில் கோயில் எழும்பியது. 1816-ல் ரிங்கல்தௌபே பொறுப்பை வேதமாணிக்கத்திடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அவர் எங்கே இறந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இந்த வருடங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். இவை தராசுக் கல் மாதிரி. ஊரில் யார் எதைச் சொன்னாலும் இந்தக் கல்லை வைத்து நிறுத்துப் பார்க்கலாம். எங்கள் பழைய மலரில், எங்கள் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டதே ரிங்கல்தௌபே என்று இருந்தது. அவர் காலத்துச் சபைகள் என்று சொல்லப்படுபவை ஏழு: மயிலாடி, பிச்சைக்குடியிருப்பு, தாமரைக்குளம், புத்தளம், ஆத்திக்காடு, கோவில்விளை, ஈத்தாமொழி. எங்கள் ஊர் அதில் இல்லை. எங்கள் கோயில் வாசல் கல்லில் இருக்கும் வருடமோ அவர் போய் முக்கால் நூற்றாண்டுக்குப் பிந்தியது. ரிங்கல்தௌபே ஐயர் இங்கே வந்து போகவில்லை என்று சபைக் கூட்டத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அவர் நட்ட மரத்தின் கன்று நாம்” என்று சொல்லித் தப்பித்தேன். நீங்களும் அப்படித்தான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். சொல்வதில் தேன் தடவலாம், எழுதுவதில் கூடாது.

கல்லைப் படிப்பது

கோயில் வாசலில் ஒரு கல் பதித்திருக்கும். பலமுறை சுண்ணாம்பும் பெயிண்டும் அடித்து எழுத்து மூடிப்போயிருக்கும். ஆணியால் சுரண்டாதீர்கள். இரும்பு பிரஷும் வேண்டாம். தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். சாயங்காலம் இருட்டியபின் ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட கல்லோடு ஒட்டினாற்போலப் பிடித்து ஒளி பாய்ச்சினால் பள்ளமெல்லாம் நிழலாகி எழுத்து எழுந்து நிற்கும். பகலில் ஒன்றும் தெரியாத கல் இரவில் பேசுவது ஒரு அதிசயம்தான்.

எங்கள் கல்லில் ‘௲௬௰௯’ என்று இருந்தது. எங்கள் வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் அதை “சூசுயகூ” என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “சூசையப்பர் பேரு மாதிரி இருக்கே, முதல்ல இது ஆர்.சி. கோயிலா?” என்று கேட்டான். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அவன் மேல் தப்பில்லை. தமிழ் எண்களைப் பள்ளிக்கூடத்தில் யார் சொல்லித்தருகிறார்கள்? ௧ என்பது ககரம் மாதிரி, ௨ உகரம் மாதிரி, ௫ ‘ரு’ மாதிரி, ௬ ‘சு’ மாதிரி, ௭ எகரம் மாதிரி, ௮ அகரம் மாதிரி, ௯ ‘கூ’ மாதிரி இருக்கும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆக அது ஆயிரத்து அறுபத்தொன்பது.

அடுத்த குழி அதற்குள்தான் இருக்கிறது. 1069 என்பது கிறிஸ்து வருடம் இல்லை, மலையாள நாட்டுக் கணக்கான கொல்லம் வருடம். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். இங்கே கல், ஓலை, பிரமாணம் என்று நாங்கள் சொல்லும் பத்திரம் எல்லாமே கொல்லக் கணக்கில்தான் பேசும். கொல்லம் வருடத்தோடு 825 கூட்டினால் போதும் என்று நினைத்து நான் 1894 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் நேரம். பழைய கிராமக் கணக்கு வேலை பார்த்த ஒரு பாட்டா பார்த்துவிட்டு, “கல்லுல கார்த்திகை மாசம்லா போட்டிருக்கு, அதுக்கு 824-லா கூட்டணும் மக்களே” என்றார். கொல்லம் வருடம் ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824, ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிக்கு 825. அப்போது 1893. நூற்று இருபத்தைந்தை ஒரு வருடம் தாமதமாகக் கொண்டாட இருந்தோம். மாதம் தெரியாத தேதியை ஒற்றை வருடமாக எழுதாதீர்கள். 1893-94 என்று எழுதிவிட்டால் வம்பில்லை.

பெரியவர்கள் பேச்சிலும் இதே சங்கதி வரும். “தொண்ணூற்றொன்பது வெள்ளத்துல” என்று ஆரம்பிப்பார்கள். அது 1999 இல்லை, கொல்லம் 1099. அதாவது 1924 ஜூலை. பாண்டிநாட்டிலிருந்து பெண் எடுத்த வீடுகளில் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்பார்கள், அது 1876-77. வரிக் கணக்கில் பசலி ஆண்டு வந்தால் ஜூலை முதல் டிசம்பர் முடிய 590, ஜனவரி முதல் ஜூன் முடிய 591 கூட்டுங்கள். அது ஜூலை 1-ல் பிறக்கிறது.

சபைப் பதிவேடு

ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்று பதிவேடுகள் இருக்கும். போதகரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சபை ஊழியரான உபதேசியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போகத் தந்தாலும் வாங்காதீர்கள். காணாமல் போன பதிவேடுகள் எல்லாம் ஒருகாலத்தில் “நாளைக்குத் தாரேன்” என்று யாரோ வாங்கிப்போனவை.

விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. பேனா வேண்டாம், பென்சில் மட்டும். கிழிந்த தாளில் செல்லோ டேப் ஒட்டினால் பத்து வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம். ஜன்னல் பக்கம் புத்தகத்தை வைத்து, பிளாஷ் இல்லாமல், செல்போனை நேர் மேலே பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் படமெடுங்கள். பக்க எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு படத்தின் ஓரத்தில் இருக்கட்டும். நான் முதல் நாள் சீட்டு வைக்காமல் 140 படம் எடுத்து, அவற்றை வரிசைப்படுத்த ஒரு வாரம் உட்கார்ந்தேன்.

பெயர்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். லண்டன் மிஷன் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் உபதேசியார்களுக்கும் இங்கிலாந்திலிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயரையே வைக்கும் வழக்கம் இருந்தது. முழு ஆங்கிலப் பெயரோடு ஒருவர் பதிவேட்டில் வந்தால் அவரை வெள்ளைக்காரர் என்று எழுதிவிடாதீர்கள். அவர் நம் விளைக்காரர்தான்.

நான் பயிர் பார்த்தவள் என்பதால் என் கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். கல்யாணப் பதிவேட்டில் பெயர்களை விட்டுவிட்டு மாதங்களை மட்டும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினேன். வைகாசியில் ஒரு குவியல், ஆவணியில் ஒரு குவியல். முதலில் புரியவில்லை. வீட்டுப் பெயர்களோடு சேர்த்துப் பார்த்ததும் விளங்கியது. வைகாசிக் கல்யாணங்கள் குளத்தடி வீடுகளில் நடந்தவை. கும்பப்பூ நெல்லை அறுத்து, சூடடித்து, நெல்லை அளந்து, கடனைத் தீர்த்து, கையில் நாலு காசு மிஞ்சும் நேரம் அது. ஆவணிக் கல்யாணங்கள் மேட்டு விளை வீடுகளில் நடந்தவை. அவர்கள் பனையேறிகள். மாசியிலிருந்து ஆடிவரை பதநீர்க் காலம்; காலையும் மாலையும் மரமேறுகிறவனுக்கு மாப்பிள்ளைக் கோலம் போட நேரமேது? பாளை சீவல் ஓய்ந்தபிறகுதான் கல்யாணம். ஒரே கோயில், ஒரே பதிவேடு, அதற்குள் இரண்டு விவசாயம், இரண்டு பஞ்சாங்கம். இது எந்த மலரிலும் இல்லை. எங்கள் சபையின் வரலாறு எங்கே இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

விளைகளைச் சுற்றி வருவது

அதற்குப் பிறகு பதிவேட்டை மூடிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்துக் குடியிருப்புகளின் பெயர்கள் பலவும் விளை, குடியிருப்பு, குளம் என்று முடியும். விளை என்றால் மேட்டு நிலத்துத் தோட்டம்: பனை, தென்னை, புளி, கொல்லமா (முந்திரி) என்று நிற்கும். அதில் வேலை பார்க்கப் போனவர்கள் குடிசை போட்டார்கள், குடிசைகள் சேர்ந்து ஊரானது. தாழ்வில் குளமும் குளத்தின்கீழ் வயலும். நெல்லுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: புரட்டாசிவாக்கில் அறுக்கும் கன்னிப்பூ, மாசியில் அறுக்கும் கும்பப்பூ.

வருவாய்த்துறையின் கிராம வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் சர்வே எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. பெயரை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், ஊரில் வயதான விவசாயி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரப்பிலேயே நடங்கள். “இது யாருக்க விளை? இதுக்கு முந்தி? இந்த மடையில தண்ணி எங்கேருந்து வருது? மறுகால் எங்க போகுது?” இந்த நாலு கேள்வி போதும். பதில்களை அந்தந்த எண்ணின்மேல் பென்சிலால் எழுதுங்கள். ஒரு மாதத்தில் அந்த வரைபடம் புத்தகமாகிவிடும்.

தண்ணீர் வந்த வருடத்தைக் கட்டாயம் விசாரியுங்கள். பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிந்தது. அதற்கு முன் மழையையும் குளத்தையும் நம்பியிருந்த இடங்களில் கால்வாய்த் தண்ணீர் எட்டியபிறகு நெல் கூடியது. நெல் கூடினால் காணிக்கை கூடும், ஓலைக்கூரை ஓட்டுக்கூரையாகும். உங்கள் கோயில் எப்போது ஓடு மாறியது, எந்தக் கால்வாய் எப்போது வந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிரமாணங்களை மறக்காதீர்கள். பழைய கிரயப் பிரமாணத்திலும் ஒற்றிப் பிரமாணத்திலும் விலையை எல்லாரும் பார்ப்பார்கள், நாலு எல்லையை யாரும் பார்ப்பதில்லை. “கிழக்கு இன்னார் விளை, மேற்கு ஓடை, தெற்கு கோயிலுக்குப் போகும் நடைபாதை, வடக்கு இன்னார் ஒற்றி நிலம்” என்று அதில் ஒரு அயலே உயிரோடு நிற்கும். எங்கள் பழைய ஓலைக் கோயில் இப்போதுள்ள இடத்தில் இல்லை, குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது என்பது இப்படி ஒரு எல்லை வரியில்தான் கிடைத்தது. பதிவு அலுவலகத்தில் நகல் கேட்கலாம். 1956-க்கு முந்தையவை பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை இப்போதே பிடித்து வையுங்கள். நிலத்தை ‘இத்தனை கோட்டை விதைப்பாடு’ என்று எழுதியிருந்தால் அது அத்தனை கோட்டை நெல் விதைக்கும் பரப்பு, விளைந்த நெல்லின் அளவு இல்லை. நானே முதலில் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு, ‘இவ்வளவு விளைச்சலா’ என்று வாயைப் பிளந்தேன்.

பேச வைப்பது

பெரியவர்களிடம் போய் “சபை வரலாறு சொல்லுங்க” என்று கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து ஜெபம் பண்ணிவிட்டு மலரில் உள்ளதையே ஒப்பிப்பார்கள். பொருளைக் கேளுங்கள். கோயில் கூரைக்குப் பனங்கை எந்த விளையில் வெட்டினது? சுண்ணாம்பு எங்கே நீற்றினார்கள்? அசனம் என்ற கோயில் விருந்துக்கு அரிசி யார் கொடுத்தது, சமைக்கும் பெரிய வார்ப்பு யார் வீட்டிலிருந்து வந்தது?

பக்கத்து விளையில் ஒரு ஆச்சி. போனதும், “நீ ஆருக்க மவ?” என்றார். அம்மா பெயரைச் சொன்னேன். “எனக்கு ஒரு மண்ணும் தெரியாது பிள்ளே, எழுத்தும் தெரியாது” என்றார். சரி என்று எழுந்திருக்கப் போகும்போது அடுக்களையில் ஒரு பழைய பிஸ்கட் டின் கண்ணில் பட்டது. கைப்பிடி அரிசி டின். தினமும் உலையில் அரிசி போடுமுன் கோயிலுக்கென்று ஒரு பிடி அள்ளி அதில் போடுவது இங்கே பெண்களின் வழக்கம். அதைப் பற்றிக் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். வருடாவருடம் கோயிலுக்கு ஓலை மாற்றியபோது எந்த விளை எத்தனை கட்டு ஓலை கொடுக்க வேண்டும் என்ற முறை, கொடுக்காத விளைக்காரர்களை அசனப் பந்தியில் கடைசியில் உட்கார வைத்தது, அவருடைய மாமியார் கைப்பிடி அரிசியை விற்று வாங்கிய விளக்கு எல்லாம் வந்தது. ஆண்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. அரிசி டின் அவர்கள் கையில் இருந்ததில்லையே.

போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பதிவை அன்று இரவே கேட்டு எழுதிவிட வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் ‘அந்த விளை’, ‘இவன்’ என்றெல்லாம் கை காட்டிச் சொன்னது எதுவும் புரியாது.

ஜாதிப் பேச்சு வரும். வராமல் இருக்காது. இங்கே பலரின் முன்னோர் தலைவரி கொடுத்தவர்கள், கூலியில்லா ஊழியம் செய்தவர்கள். சிலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்த அரசாணை 1855-ல் வந்தது. மேலாடைக்கான தோள்சீலைப் போராட்டம் 1822-ல் தொடங்கி 1859 ஜூலை 26 அரசாணை வரை நீண்டது. இந்த விளைகளில் கோயில் ஏன் வேரூன்றியது என்பதை இவற்றை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. கமிட்டியில் சிலர் “அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்றார்கள். நான் எழுதினேன். ஆனால் ஒரு எல்லை வைத்துக்கொண்டேன்: நடந்ததை எழுதுவேன், இன்று இருக்கிற எந்த வீட்டையும் சுட்டும்படி எழுதமாட்டேன். பதிவேட்டில் ‘தகப்பன் பெயர் இல்லை’ என்று வரும் இடங்களுக்கும் அதே விதி. நமக்கு அது தகவல், ஒரு பேரப்பிள்ளைக்கு அது அவமானமாகிவிடக் கூடாது.

எழுதும்போது போதகர்கள் வரிசையில் எழுதாதீர்கள். அவர்கள் சில வருடம் இருந்துவிட்டு மாறிப் போகிறவர்கள். நான் விளை விளையாக எழுதினேன்: முதலில் குளத்தடி, அப்புறம் மேட்டு விளைகள், கடைசியில் கோயில் வளாகமும் கல்லறைத் தோட்டமும். போதகர் பெயர்களும் காலங்களும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டன. கேள்விப்பட்டதை ‘என்று சொல்கிறார்கள்’ என்றே எழுதினேன். கல்லிலும் பதிவேட்டிலும் பார்த்ததை, எங்கே பார்த்தேன் என்று அந்த வரியிலேயே சொன்னேன்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து, டீ கொடுத்து, எல்லாரையும் உட்கார வைத்து முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். மூன்று ஞாயிறு ஆகும். தூங்குகிறவர்கள் தூங்கட்டும். எங்கள் கூட்டத்தில் இரண்டாம் ஞாயிறு, கோயிலுக்குக் கிழக்கே ஒரு பொதுக்கிணறு இருந்தது என்று நான் வாசித்தபோது, பின்வரிசையில் அரைத் தூக்கத்தில் இருந்த அந்தக் கைப்பிடி அரிசி ஆச்சி கையைத் தூக்கினார்.

“கிழக்கு இல்ல, மேற்கு.”

பட்டாவில் கிழக்கு என்றுதான் இருக்கிறது என்றேன்.

“நான் விழுந்த கிணறு எனக்குத் தெரியாதா?”

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். மேற்கே, புளிய மரத்தடியில், மண் மூடிய கைப்பிடிச் சுவரின் வட்டம் பாதி தெரிந்தது. பட்டா எண்ணை நான்தான் மாற்றிப் படித்திருக்கிறேன். கிழக்கை அடித்துவிட்டு மேற்கு என்று எழுதினேன்.